‘மேலும் உண்டு’ என்று மினுக்கும் பச்சைத் திரை

பச்சை எழுத்துத் திரையில் பக்கம் தள்ளிப் பிழைப்பது, சாமுண்டி மலைப் படிகளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏறி இறங்குகிற தொழில். முட்டி தேயும், அம்மன் தரிசனம் மட்டும் கிடைக்காது.

எக்ஸெல் தாளைக் கீழே கீழே உருட்டிக் கண் பூத்தவர்களே, அரசாங்க இணையதளத்தில் ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போய்க் கடைசியில் ‘நேரம் முடிந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கவும்’ என்று படித்தவர்களே, நீங்கள் எல்லோரும் என் பங்காளிகள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் இப்போதே அடுத்த கட்டுரைக்குப் போகலாம். காகிதத்தைப் புரட்டுவதில் உள்ள சுகம் அவர்களுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். கடல் கடந்த ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மெயின்பிரேம் என்று ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. கிட்டத்தட்ட என்னைப் போலத்தான். நிறுத்தவும் மனம் வராது, வைத்துக்கொள்ளவும் மனம் வராது. அதற்குள் கிடக்கிற ஒவ்வொரு தகவலுக்கும் என்ன பெயர், எத்தனை எழுத்து நீளம், எந்தெந்த இடத்தில் பயன்படுகிறது, அதற்கு யார் பொறுப்பு என்றெல்லாம் சொல்ல ஓர் அகராதி உண்டு. டேட்டா டிக்ஷனரி. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஒரு திரைக்கு இருபது வரி சொச்சம். எஃப் எட்டு என்ற பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம். எஃப் ஏழு, முந்தின பக்கம். எஃப் மூன்று, வெளியே. மூலையில் ‘மேலும் உண்டு’ என்று இங்கிலீஷில் மினுக்கும். அது அணைகிற வரைக்கும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கு முன்னால் அகராதியில் விட்டுப்போனதையெல்லாம் நிரப்ப வேண்டுமாம். ஓய்வு பெற்று, வீட்டில் நிம்மதியாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து மைசூர் ரிங் ரோடு ஓரத்து அலுவலகம் ஒன்றில் உட்கார வைத்தார்கள். இனி வருவதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்பது உங்கள் சாமர்த்தியம்.

ஏசி போட்டுத் தருகிற வேலை

அக்ரஹாரத்தில் என் வீட்டுத் தெருமுனையில் காப்பிக்கொட்டை அரைக்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பவர். ஓய்வு பெற்ற மனுஷன் மறுபடி கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அங்கே என்ன வேலை என்று கேட்டார். முடிந்தவரைக்கும் எளிமையாகச் சொன்னேன். “ஒரு திரை இருக்கும். படிப்பேன். ஒரு பொத்தானை அழுத்துவேன். அடுத்த திரை வரும்.”

“அப்புறம்?”

“அதையும் படிப்பேன்.”

“வேற ஒண்ணும் செய்ய மாட்டீங்களா?”

“சில சமயம் முந்தின திரைக்குத் திரும்பிப் போவேன்.”

ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெஷின் நின்றதால் அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. “இதுக்கு ஏசியும் போட்டு, பஸ்ஸும் விடறாங்களா சார்? சிவ சிவா, நான் இங்க சும்மா அரைச்சிட்டு இருக்கேன்.”

வெளியே போக ஒரு பொத்தான்

எங்கள் குழுவில் நாலு பேர். மேனேஜர் பிரசன்னா, சாமராஜநகர் பையன் லோகேஷ், நான், செல்வி. செல்விக்கு ஹனூர்ப் பக்கம், காட்டோரக் கிராமம். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். திரையைத் திட்டும்போதுகூட மரியாதை குறையாது. நிரந்தர ஊழியர்களுக்குக் கழுத்தில் நீல நாடா, ஒப்பந்தக்காரர்களுக்கு மஞ்சள் நாடா. செல்வி கழுத்தில் மஞ்சள். என் கழுத்திலும் மஞ்சள்தான். ஆனால் என் வயதில் எந்த நிறமானால் என்ன. அவளுக்கு அப்படியில்லை. இந்த வேலை முடிவதற்குள் நாடா நீலமாகாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே மக்காச்சோளக் காடும் அத்தை மகனும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டில் மக்காச்சோளம் பரவாயில்லை என்பது அவள் அபிப்பிராயம். “தசராவுக்குள்ள அகராதியை முடிச்சுக் குடு, உன் பேரை நிரந்தரத்துக்கு எழுதி அனுப்பறேன்” என்று பிரசன்னா அவளிடம் சொல்லியிருந்தார்.

வந்த புதிதில் ஒருநாள் காலையிலிருந்து எஃப் எட்டை அழுத்தி அழுத்தி, ஏதோ ஒரு தகவலின் நாற்பதாவது பக்கமோ ஐம்பதாவது பக்கமோ போய்விட்டாள். ஒரே ஒரு பக்கம் பின்னால் போக வேண்டும். ஏழுக்குப் பதிலாக விரல் மூன்றில் பட்டுவிட்டது. எஃப் மூன்று என்பது பஸ்ஸிலிருந்து கழுத்தைப் பிடித்து இறக்கிவிடுகிற கண்டக்டர் மாதிரி. எங்கே இறங்குகிறாய் என்று கேட்காது. வாசல் திரையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மறுபடி அங்கிருந்து உள்ளே போய், எந்தப் பிரிவு, எந்த வகை, எந்தப் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, முதல் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும். பக்க எண்ணைக் கொடுத்துத் தாவுகிற வசதியெல்லாம் அதைக் கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்று சொல்லி வைத்தேன். “நானும் ஒருதரம் எஃப் மூன்றைக் கொஞ்சம் பலமா அழுத்திட்டேன்மா. கண்ணைத் திறந்து பார்த்தால் ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன், கையில கீபோர்டு.” அவள் சிரிக்கவில்லை. திரையைக் காட்டிச் சொன்னாள்: “வெளிய போக ஒரு பொத்தானு, உள்ள வர இத்தனை கேள்வியுங்களா சார்? எங்கூரு செக்போஸ்ட்டே தேவலாமுங்க.”

குதிரை கல்யாணத்துக்குப் போன நாள்

அந்த அகராதிக்கு ஒரு கெட்ட குணம். ஒருத்தர் திருத்துவதற்காகத் திறந்து வைத்திருந்தால் அந்தப் பிரிவு முழுக்க மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லாது. காலையெல்லாம் “யாருப்பா திறந்து வெச்சிருக்கறது?” என்று கத்திக் கத்தித் தொண்டை போனபிறகு, லோகேஷ் சன்னபட்டணத்து மரக்குதிரை ஒன்றைக் கொண்டுவந்தான். சிவப்பு, மஞ்சள், அரக்குப் பூச்சு. திருத்தப் போகிறவர் குதிரையை எடுத்துத் தன் மானிட்டர் மேல் வைத்துக்கொள்ள வேண்டும், முடித்ததும் நடு மேஜையில் வைத்துவிட வேண்டும். குதிரை இல்லாதவர் வெறுமனே படிக்கலாம், ஒரு எழுத்தைத் தொடக்கூடாது. இதுதான் சட்டம். கம்பெனியின் மற்ற எந்தச் சட்டத்தையும் நாங்கள் இப்படி மதித்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை குதிரையைக் காணோம். லோகேஷையும் காணோம், மைத்துனன் கல்யாணத்துக்கு லீவு. செல்வி போன் போட்டாள். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல்: “அக்கா, பஸ் ஏறுற அவசரத்துல பையில போட்டுட்டேன் போலிருக்கு. இல்ல அக்கா, இப்ப அது பொண்ணோட அக்கா குழந்தை கையில இருக்கு. பிடுங்கினா அழும்.”

இங்கேதான் எங்கள் புத்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். லோகேஷின் திரைதான் அணைந்துவிட்டதே. பூட்டு வெள்ளிக்கிழமையே தானாகத் திறந்திருக்கும். நாங்கள் தாராளமாகத் திருத்தியிருக்கலாம். ஆனால் குதிரை இல்லாமல் எப்படித் திருத்துவது என்று செல்வியும் நானும் நாள் முழுக்கக் கைகட்டி உட்கார்ந்திருந்தோம். பிரசன்னா இரண்டு தரம் வந்து நடு மேஜையைப் பார்த்துவிட்டு, “குதுரே இல்லா?” என்று பெருமூச்சு விட்டுப் போனார், மேனேஜர் என்றாலும் அவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தானே. அடுத்த நாள் காலைதான் எனக்கு உறைத்தது. செல்விக்கு அதற்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். தசராவுக்கு இருந்த நாட்களில் ஒன்று போய்விட்டதே என்ற கவலையில் அவளும் குதிரையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளாம். தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: “குதிரை கல்யாணச் சாப்பாடு சாப்புடுதுங்க சார், நாம இங்க கடிவாளம் கட்டி உக்காந்திருக்கோமுங்க.”

தேய்ந்த விரல்

இது அகராதிக்கு நடுவில் வந்த என் சொந்த சோகம். பென்ஷன் வாங்குகிறவன், தான் உயிரோடு இருப்பதை வருஷத்துக்கு ஒருதரம் நிரூபிக்க வேண்டும் அல்லவா? பாங்கில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். நான் வலது ஆள்காட்டி விரலை வைத்தேன். சிவப்பு. துடைத்து வைத்தேன். சிவப்பு. எண்ணெய் தடவி, விபூதி தடவி, ஊதி, உதறி வைத்தேன். சிவப்பு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எஃப் எட்டை அழுத்தி அழுத்தி அந்த விரலில் ரேகை என்பதே இல்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் என் கீபோர்டைப் பார்க்கலாம். அதில் எட்டு என்ற எண்ணும் இல்லை. என் ரேகை அங்கே போய்விட்டது, அதன் எட்டு இங்கே வந்துவிட்டது. இதை அந்த பாங்குப் பெண்ணிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தாத்தா, நீங்க பேசறதைக் கேட்டா உயிரோட இருக்கற மாதிரிதான் இருக்கு, மெஷின்தான் ஒத்துக்க மாட்டேங்குது, நாளைக்கு வேற விரலோட வாங்க.”

யார் பொறுப்பு?

ஒவ்வொரு தகவலுக்கும் கடைசிப் பக்கத்தில் கடைசி வரி ஒன்று உண்டு. ‘பொறுப்பாளர்’ என்று போட்டு, எதிரே கோடு. ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அந்தக் கோட்டின் மேல் ஒரு பெயர் இருந்தால்தான் சேமித்துக்கொண்டு வெளியே போக விடும். அதுவும் சும்மா பெயர் இல்லை, அன்றைய தேதிக்கு அந்த இயந்திரத்தில் பதிவாகி இருக்கிற ஆளின் பெயர். ஏற்கெனவே அங்கே இருந்த பெயர்கள் எல்லாம் எப்போதோ வேலையை விட்டோ உலகத்தை விட்டோ போனவர்களுடையவை. திரை அவர்களைச் சிவப்பில் காட்டிப் பெல் அடித்தது.

கடல் கடந்து கடிதம் போட்டோம், இந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு என்று. அது எங்கள் பிரிவு இல்லை என்று ஒருவர். அவரைக் கேளுங்கள் என்று இன்னொருவர். அந்த அவரைக் கேட்டால் முதலில் சொன்னவரையே காட்டினார். தாயைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று நான் ‘சாமுண்டி’ என்று அடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு பயனாளர் பதிவாகவில்லை என்று பதில் வந்தது; மைசூரில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு வாசகத்தைப் படிக்கும் பாவம் எனக்கு மட்டுமே வாய்த்தது.

மாலை கம்பெனி பஸ் கிளம்பப் போகிறது. செல்வி அரை நாளாகத் திருத்திய பக்கங்கள் சேமிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தன. எஃப் மூன்றை அழுத்தினால் எல்லாம் போய்விடும். ‘பெயர் தேவை, பெயர் தேவை’ என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் கோட்டின் மேல் தன் பெயரையே அடித்தாள். திரை சட்டென்று சமாதானமாகி வழிவிட்டது. அன்றிலிருந்து அதுவே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. எந்தத் தகவலை முடித்தாலும், கடைசி வரியில் செல்வி, சேமி, வெளியே. ஒருநாள் பின்னால் நின்று பார்த்த பிரசன்னாவுக்கு முகம் மாறிவிட்டது. “ஏனு செல்வி, உன் பேரையா போடறே? இது தற்காலிகம்தானே?” என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், எஃப் எட்டிலிருந்து விரலை எடுக்காமல் சொன்னாள்: “நானே தற்காலிகந்தானுங்க சார்.”

கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே

வாராவாரம் இன்சூரன்ஸ் கம்பெனியின் சார்பில் மார்த்தா என்ற அம்மாள் போனில் வருவார். நல்ல மனுஷி. நம் திரை அவர் திரையில் தெரிய ஏற்பாடு. ஆனால் நான் இங்கே அழுத்தினால் அங்கே ஒரு மூச்சு தாமதமாகத்தான் தெரியும். “கொஞ்சம் மேலே போங்கள்” என்பார். போவேன். அவருக்குத் தெரிவதற்குள், “இன்னும் கொஞ்சம்” என்பார். அதற்கும் போவேன். அதற்குள் முதலில் கேட்டது அவர் திரைக்கு வந்து தாண்டியும் போயிருக்கும். “ஐயோ, தாண்டிவிட்டீர்கள், கீழே” என்பார். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுகிற மாதிரி இரண்டு பேரும் மணிக்கணக்கில் ஏறி இறங்குவோம். அவர் பார்க்க நினைத்த வரி, கடைசிவரை ஒன்று அவருக்கு மேலே இருக்கும், அல்லது எனக்குக் கீழே.

அப்படி ஒரு மாலைதான், மேலும் கீழும் போய்க் களைத்த ஓர் இடைவெளியில், மார்த்தா போகிற போக்கில் சொன்னார். அகராதி முடிந்ததும் தசரா கழிந்த வாரத்திலேயே இயந்திரத்தை நிறுத்தப் போகிறார்களாம். நல்ல சேதி என்று பிரசன்னா நன்றி சொன்னார். போன் வைத்தபிறகுதான் கணக்கு பிடிபட்டது. செல்வியை நிரந்தரமாக்க வேண்டுமென்றால், எந்த வேலையில் நிரந்தரம் என்று மேலிடம் கேட்கும். இயந்திரம் நின்றால் வேலையே இல்லை. அகராதியை முடிக்காவிட்டால் பிரசன்னா பெயரை அனுப்ப மாட்டார்; முடித்துவிட்டால் அனுப்பியும் பிரயோசனமில்லை. இதை நாங்கள் மூன்று ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மென்று விழுங்கினோம். செல்வியே சொல்லிவிட்டாள்: “எப்புடி வெட்டுனாலும் நான் உக்காந்திருக்கற கிளைதானுங்க சார், மெதுவா வெட்டட்டுங்களா, வேகமா வெட்டட்டுங்களா?”

பொரி செய்த வேலை

வேகமாகத்தான் வெட்டினாள். அது அவள் குணம். விடுமுறைக்கு முந்தின நாள் அலுவலகத்தில் ஆயுத பூஜை. நாங்கள் பூஜை செய்ய வேண்டிய இயந்திரமோ கடலுக்கு அந்தப் பக்கம். கிடைத்ததற்குச் செய்வோம் என்று கீபோர்டுகளைத் துடைத்து, எஃப் எட்டுக்கு மட்டும் தனியாகச் சந்தனம், குங்குமம் வைத்தாள் செல்வி. எஃப் மூன்றுக்கு வைக்க மறுத்துவிட்டாள். குதிரைக்குச் சின்னதாக ஒரு சாமந்தி மாலை. கடைசித் தகவல் ஒன்றுதான் பாக்கி. முதல் பக்கத்தில் நிரப்ப வேண்டியதை நிரப்பி, திறந்து வைத்துவிட்டுத்தான் பூஜைக்கு எழுந்தாள்.

லோகேஷ் பொரி வாரி இறைத்தான். அதில் ஒன்று எஃப் எட்டின் இடுக்கில் போய் விழுந்து பொத்தானை அப்படியே பிடித்துக்கொண்டது. திரை தானாக ஓட ஆரம்பித்தது. பக்கம் பக்கமாகப் பச்சை மழை. நான் கைகூப்பி நின்றேன். இத்தனை காலத்தில் கையை அசைக்காமல் நான் கடந்த பக்கங்கள் அவைதான். கற்பூரம் அணைவதற்கும் மூலையில் ‘மேலும் உண்டு’ அணைவதற்கும் சரியாக இருந்தது. கடைசி வரியில் கோடு. செல்வி குனிந்து பொரியை ஊதித் தள்ளிவிட்டு, தன் பெயரை அடித்து, சேமித்தாள். அகராதி முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

அதே நேரத்தில் பிரசன்னாவின் போன் அடித்தது, மேலிடம். அவர் ஜன்னலோரம் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். அவர் சொல்லப்போவது எங்களுக்கு முன்பே தெரியும். பெயரை அனுப்பியிருந்தார், வேலை இல்லாத இடத்தில் நிரந்தரம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசியோடு மஞ்சள் நாடாவையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். செல்வி ஒரு கை பொரியை அள்ளி அவரிடம் நீட்டினாள். “எடுத்துக்குங்க சார், உங்க மேல கோவமில்லீங்க. எங்கூருக்குப் போற மலைக்கோயில் பஸ்ஸுலதான் சீட்டு கிடைக்காது, அது ஒண்ணுதான் ரோசனையா இருக்குதுங்க.”

அந்த அம்மாள் யார்?

தசரா முடிந்து வந்தோம். செல்வி தன் மேஜையைக் காலி செய்து ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். லோகேஷ் அவளுக்கு நினைவாகக் குதிரையைக் கொடுத்துவிட்டான். சாயங்காலம் மார்த்தா போனில் வந்தார். வழக்கமான நலம் விசாரிப்பு இல்லை. அவர்களுடைய தணிக்கைக்காரர்கள் இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன்னால் ஒன்று கேட்டிருக்கிறார்கள். எல்லாத் தகவலும் புது இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அந்தந்தப் பொறுப்பாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சரி, பொறுப்பாளர்கள் யார் யார் என்று அகராதியிடம் கேட்டிருக்கிறார்கள். அது பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கிறது. “எல்லாப் பக்கத்திலும் ஒரே பெயர் வருகிறதே, அந்த அம்மாள் யார்? உங்கள் கம்பெனியின் பெரிய அதிகாரியா?” என்றார் மார்த்தா.

பிரசன்னா தண்ணீர் குடித்தார். செல்வி எழுந்து நின்றுவிட்டாள், ஏதோ தப்பு செய்து பிடிபட்ட மாதிரி. பெயரை மாற்றிவிடலாமே என்று பிரசன்னா மெல்லச் சொன்னார். மாற்றலாம், யார் பெயரைப் போடுவது என்று மார்த்தா திருப்பிக் கேட்டார். அந்தப் பக்கம் அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொறுப்பு வேண்டாம் என்று சொல்வதில் அக்கரை இக்கரை வித்தியாசம் இல்லை. கடைசியில் மார்த்தாவே சொன்னார், அந்த அம்மாளே இருக்கட்டும், ஒவ்வொரு தகவலையும் முதலிலிருந்து சரிபார்த்துக் கையெழுத்திடட்டும், அதுவரை இயந்திரம் ஓடட்டும். ஒரே ஒரு விதி: ஒப்பந்தக்காரர் கையெழுத்து செல்லாது, நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். “இருக்கிறார்தானே?” என்றார். பிரசன்னா மைக்கை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு மைக்கைத் திறந்து, “இன்னும் இரண்டு நாளில்” என்றார். நான் பார்த்தவரையில் அந்த மனுஷன் கெடு சொல்லி, சொன்னபடி முடித்த ஒரே காரியம் அதுதான். மேலிடத்துக்கு இப்போது வேலை இருந்தது, வேலைக்கு ஆளும் இருந்தாள், ஆளின் பெயர் ஆயிரக்கணக்கான இடங்களில் ஏற்கெனவே எழுதியும் இருந்தது.

நீல நாடா வந்த அன்று செல்வி ஊருக்குப் போன் செய்தாள். மக்காச்சோளத்துக்கு அவள் தம்பி போதும் என்றும், அத்தை மகனுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்றும் முடிவானதாகத் தெரிந்தது. பையிலிருந்து குதிரையை எடுத்துத் தன் மானிட்டர் மேல் வைத்தாள். துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் விடவில்லை. என் மஞ்சள் நாடாவுக்கு இன்னொரு ஆயுள். கறுப்புத் திரை திறந்தது, மூலையில் அந்தப் பழைய வார்த்தை மினுக்கியது. செல்வி விரல் நுனியை ஊதிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: “மொதப் பக்கத்துல இருந்துங்களா சார்?”

வெளியே போனால் போதும் என்றுதான் அவள் தன் பெயரை எழுதினாள், உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கும் பெயரே எழுதாத என்னை எதற்காகக் கூடவே உட்கார வைத்தார்கள் என்பதுதான் நான் இன்னும் தள்ளித் தள்ளிப் போயும் வந்து சேராத பக்கம்.